டாமி ஜானின் இடது முழங்கை

124, 164. முதலில் இந்த இரண்டு எண்களையும் பார்த்துவிடலாம். அமெரிக்க பேஸ்பாலில் பிட்சராக, அதாவது பந்து போடுபவராக, இருந்த டாமி ஜான், இடது முழங்கையில் ஜவ்வு அறுவதற்கு முன்பு தன் பெயரில் சேர்த்த வெற்றிகள் 124. வலது கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து அந்த முழங்கைக்குள் கோத்துக் கட்டிய பிறகு சேர்த்தவை 164. நல்ல கையோடு எடுத்ததைவிட ஒட்டுப்போட்ட கையோடு எடுத்தது நாற்பது அதிகம்.

அந்த அறுவை சிகிச்சைக்கு இன்று அவர் பெயர்தான். அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் பள்ளிக்கூடப் பையன்கூட, டாமி ஜான் செய்துகொண்டேன் என்று பல் பிடுங்கியதைச் சொல்வதுபோலச் சொல்வான். அது ஒரு ஆளின் பெயர் என்பதையே பலர் யோசிப்பதில்லை. 26 சீசன் ஆடி, 46 வயதில் கடைசிப் பந்தைப் போட்டவர் அவர்.

புகழ் முழுக்கக் கத்திக்கே போய்விட்டது என்பது என் ஆதங்கம். முதல் நோயாளி வேறு யாராவதாக இருந்திருந்தால், வேகம் ஒன்றை மட்டும் நம்பிப் பிழைத்த ஒருவராக இருந்திருந்தால், இந்தச் சிகிச்சை மருத்துவப் பத்திரிகை ஒன்றின் மூலையில் தூங்கிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் இந்த வழக்கை ஆபரேஷன் தியேட்டரில் ஆரம்பிக்காமல், அவர் எப்படிப் பந்து போட்டார் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கிரிக்கெட் மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். பேஸ்பாலில் பந்து போடுபவர் ஓடி வருவதில்லை. சின்ன மண்மேட்டில் நின்ற இடத்திலிருந்து, 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால், பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டை நோக்கி எறிகிறார். முழங்கையை மடக்கி நீட்டலாம்; உடம்பு சுழலும் வேகமெல்லாம் அந்த மடங்கிய கை வழியாகத்தான் பந்துக்குப் போகிறது. நம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முதுகெலும்பில் விரிசல் விழுகிறதென்றால் இவர்களுக்கு முழங்கை போகிறது. ரன் எடுக்க, பேஸ் எனப்படும் மூன்று நிறுத்தங்களைக் கடந்து ஹோம் பிளேட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; ஒவ்வொன்றிலும் மூன்று அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது. அப்புறம், ஒவ்வொரு ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் ஏதாவது ஒரு பிட்சரின் பெயரில் எழுதப்படும். பதினோரு பேர் சேர்ந்து ஜெயிக்கும் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் அநியாயமாகக்கூடத் தெரியும். ஆனால் ஒரு பிட்சரின் வாழ்க்கையை ஒரே வரியில் சொல்ல அமெரிக்கர்கள் எடுக்கும் முதல் எண் அதுதான்.

சேற்று மைதானம்

தாமஸ் எட்வர்ட் ஜான், 1943 மே 22 அன்று இண்டியானா மாநிலத்தின் டெர்ரே ஹோட் ஊரில் பிறந்தவர். இடது கைக்காரர். 1961இல் கிளீவ்லாந்து அணி அவரை எடுத்தது. 1963 செப்டம்பரில், இருபது வயதில், அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் படியான மேஜர் லீக்கில் முதல் ஆட்டம். கிளீவ்லாந்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1965 தொடக்கத்தில் மூன்று அணிகள் சேர்ந்து செய்த ஒரு பெரிய பரிமாற்றத்தில் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குப் போனார். அங்கே ஏழு சீசன்.

சிகாகோதான் அவருக்கு ஏற்ற ஊர். காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. ஜானின் ஆயுதம் சிங்க்கர். பேட்டரை நெருங்கும்போது பந்து சட்டென்று கீழே இறங்கும். பேட்டர் பந்தின் தலையில்தான் அடிப்பார். பந்து தரையோடு உருண்டு ஓடும். உருளும் பந்தை ஃபீல்டர் எடுத்து எறிந்தால் ஒரு அவுட், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரே பந்தில் இரண்டு அவுட், அதாவது டபுள் ப்ளே. ஒயிட் சாக்ஸ் மைதானத்தைப் பராமரித்த ஜீன் பொஸார்ட், தங்கள் அணியில் இப்படிப்பட்ட சிங்க்கர் பிட்சர்கள் இருந்ததால், ஹோம் பிளேட்டுக்கு முன்னால் இருக்கும் மண்ணில் தண்ணீரை ஊற்றி ஊறவைத்துவிடுவார். தரையில் விழும் பந்து சேற்றில் சிக்கி மெதுவாகிவிடும். எதிரணிக்காரர்கள் அந்த இடத்தைப் பொஸார்டின் சதுப்பு நிலம் என்று திட்டினார்கள். நம் ஊரில் ஸ்பின்னர்களுக்காக ஆடுகளத்தைக் காயவிடுவது எப்படியோ, அதே சங்கதி, தலைகீழாக.

ஜானின் பிழைப்பு ஆரம்பத்திலிருந்தே பந்தைக் கீழே வைப்பதில்தான் இருந்தது. வேகத்தில் அவர் நடுத்தரம். 26 சீசனில் 2,245 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டர் பந்தை அடித்து ஆட்டத்தில் இறக்க முடியாமலே அவுட் ஆவது) என்பது பெரிய எண் மாதிரித் தெரியும். 4,710 இன்னிங்ஸில் பரப்பிப் பார்த்தால் இரண்டு இன்னிங்ஸுக்கு ஒன்றுகூட முழுதாக வராது. பேட்டரைத் தோற்கடித்து அனுப்புவதை அவர் விரும்பவில்லை. பேட்டர் அடிக்கட்டும், ஆனால் நான் சொல்லும் இடத்தில் அடிக்கட்டும் என்ற ரகம்.

1968இல் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.98 ரன்தான் கொடுத்தார். அந்த ஆகஸ்ட் 22இல் டெட்ராய்ட் மைதானத்தில் அவர் போட்ட ஒரு பந்து டெட்ராய்ட் பேட்டர் டிக் மெக்காலிஃபின் தலைக்குப் பக்கத்தில் போனது. வாய்ச்சண்டை முற்றி மெக்காலிஃப் மேட்டை நோக்கி ஓடிவந்தார். மோதலில் அவர் முழங்கால் ஜானின் இடது தோளில் இடித்து ஜவ்வு கிழிந்தது. சீசன் அத்தோடு முடிந்தது. தோளில் ஒருமுறை அடிவாங்கித் தேறி வந்தவர் என்பது பின்னால் நடந்ததைப் படிக்கும்போது நினைவில் இருக்கட்டும்.

1971 டிசம்பரில் ஒயிட் சாக்ஸ், ஜானையும் இன்னொரு ஆட்டக்காரரையும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்துவிட்டு டிக் ஆலனை வாங்கியது. ஆலன் அடித்து நொறுக்கும் பேட்டர். அடுத்த வருஷமே, மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார், ஆகவே சிகாகோ ஏமாந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆலன் பெயரை மறந்துவிடாதீர்கள். கடைசியில் திரும்ப வருவார்.

1974 ஜூலை 17

அந்த சீசனில் ஜூலை நடுவில் ஜானின் கணக்கு 13 வெற்றி, 3 தோல்வி. அதுவரையான வாழ்க்கையில் இப்படி ஒரு வருஷம் அவருக்கு அமைந்ததில்லை. அன்று டாட்ஜர் ஸ்டேடியத்தில் மாண்ட்ரியல் எக்ஸ்போஸ் அணியோடு ஆட்டம். முதல் இரண்டு பேஸிலும் ஆள் நிற்கிறார்கள். பேட் செய்ய வந்தவர் ஹால் பிரீடன். ஜானுக்கு வேண்டியது டபுள் ப்ளே. ஆகவே சிங்க்கர்.

கை முன்னால் வந்து பந்தை விடும் கணத்தில் முழங்கைக்குள் ஏதோ ஆனது. வலி பெரிதாக இல்லை. கையை வேறெங்கோ விட்டுவிட்டு வந்தமாதிரி இருந்தது என்று பின்னாளில் விவரித்திருக்கிறார். பந்து இலக்கில்லாமல் பறந்தது. இன்னொன்று போட்டுப் பார்த்தார், அதே கதை. மேனேஜர் வால்டர் ஆல்ஸ்டனிடம் வேறு ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

உங்கள் முழங்கையின் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், உடம்பை ஒட்டியிருக்கும் பக்கம். ஒரு எலும்பு முனை துருத்திக்கொண்டிருக்கும். அதற்கும் கீழே முன்கை எலும்புக்கும் நடுவில், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பட்டைதான் ஜான் இழந்த ஜவ்வு. நாம் சோறு பிசையவும் பேருந்துக் கம்பியைப் பிடிக்கவும் அது அவ்வளவாகத் தேவையில்லை. அது இல்லாமலேயே பலர் நன்றாக வாழ்கிறார்கள். எறிபவனுக்கு அது இல்லாமல் முடியாது. மேஜர் லீக் வேகத்தில் ஒரு பந்து போகும்போது முழங்கையின் உள்பக்கம் ஏறத்தாழ 64 நியூட்டன் மீட்டர் முறுக்கைத் தாங்க வேண்டியிருக்கிறது. இறந்தவர்களின் முழங்கைகளை வைத்துச் சோதித்தபோது ஜவ்வு மட்டும் தனியாக 32க்குப் பக்கத்திலேயே அறுந்துவிட்டது. மீதியைச் சுற்றியிருக்கும் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. தசை களைத்துப்போனால் சுமை ஜவ்வின் மேல் இறங்கும். அன்றைக்கு அறுகிற ஜவ்வு அன்றைக்கு மட்டும் பழுதானதாக இருக்க வேண்டியதில்லை. பல வருஷமாக நூல் நூலாகப் பிரிந்துவந்திருக்கும். ஜான் அதுவரை 2,100 இன்னிங்ஸுக்கும் மேல் போட்டிருந்தார்.

இங்கே என் வாதத்துக்கே இடைஞ்சலான ஒரு உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வேகம் குறைந்த பிட்சருக்கு முழங்கை பத்திரம் என்றால் ஜானுக்கு இது வந்திருக்கக் கூடாது. வந்தது. மெதுவாக எறிந்தாலும் ஆயிரக்கணக்கான முறை எறிந்தால் தேயத்தான் செய்யும். ஆகவே அவரைக் காயத்திலிருந்து காப்பாற்றியது அவருடைய பாணி என்று நான் சொல்லப்போவதில்லை. காயத்துக்கு அப்புறம் திரும்பிவர இடம் கொடுத்தது அந்தப் பாணி.

நூற்றில் ஒன்று

டாட்ஜர்ஸ் அணியின் மருத்துவர் ஃபிராங்க் ஜோப். இரண்டாம் உலகப் போரில் 101ஆவது வான்படைப் பிரிவில் மருத்துவப் பொருட்களைக் கவனித்த சார்ஜெண்ட். போர்முனையில் அறுவை மருத்துவர்களைப் பார்த்துத்தான் தானும் டாக்டரானவர். அவருடைய கூட்டாளி ராபர்ட் கெர்லான் முன்பு பார்த்த நோயாளி, அதே டாட்ஜர்ஸின் சாண்டி கூஃபாக்ஸ். 1966இல் 27 ஆட்டம் ஜெயித்து, ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.73 ரன் கொடுத்து, ஆட்டத்தின் உச்சியில் நின்ற கூஃபாக்ஸ், இடது முழங்கை இதற்கு மேல் தாங்காது என்று 30 வயதில் ஓய்வு அறிவித்தார். எட்டு வருஷத்துக்கு முன் இதே அணியில் இன்னொரு இடது முழங்கை. அன்று மருத்துவத்திடம் பதில் இல்லை.

முதலில் ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். வாரங்கள் போயின. செப்டம்பரிலும் ஜானால் எறிய முடியவில்லை. கிழிந்ததைத் தைத்தால் நிற்காது என்று ஜோபுக்குத் தெரியும். போலியோவால் கை கால் செயலிழந்தவர்களுக்கு ஒரு இடத்துத் தசைநாணை இன்னொரு இடத்துக்கு மாற்றிவைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. அதே வித்தையை முழங்கையில் செய்தால் என்ன? ஜவ்வுக்குப் பதிலாக நாண்.

எந்த நாண் என்பதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டு மணிக்கட்டைக் கொஞ்சம் உள்பக்கம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் கயிறு மாதிரி ஒன்று எழும்பி நிற்கும். எழுதுவதை நிறுத்திவிட்டு நானும் செய்து பார்த்தேன், நன்றாகவே தெரிந்தது. அந்தத் தசை சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, இல்லாதவர்களுக்கு எந்தக் குறையும் தெரிவதும் கிடையாது. எடுத்தால் நஷ்டமில்லாத கயிறு. ஜானின் வலது கையில் அது இருந்தது.

ஜோப் பூசி மெழுகவில்லை. செய்தால் திரும்பிவர நூற்றில் ஒன்று வாய்ப்பு, செய்யாவிட்டால் அதுவும் இல்லை என்றார். ஜானுக்கு 31 வயது. செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். அந்த நூற்றில் ஒன்று எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. அதற்கு முன் எந்தப் பிட்சருக்கும் இதைச் செய்ததில்லை, எதை எதால் வகுப்பது? ஒரு நல்ல மருத்துவர், எனக்கே தெரியாது என்பதை எண்ணாக்கிச் சொன்னார், அவ்வளவுதான்.

1974 செப்டம்பர் 25. கை அறுவை நிபுணர் ஹெர்பர்ட் ஸ்டார்க் உடனிருந்தார். திறந்து பார்த்தால் நிலைமை எதிர்பார்த்ததைவிட மோசம். ஜவ்வு மட்டுமில்லாமல் தசைகளும் எலும்பிலிருந்து பிய்ந்திருந்தன. மேற்கை எலும்பிலும் முன்கை எலும்பிலும் துளைகள் போட்டு, வலது கை நாணை அந்தத் துளைகளின் வழியே எட்டு போட்டமாதிரி கோத்து இழுத்துக் கட்டினார்கள். கட்டில் கயிறு பின்னுவதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். அதில் ரத்தம் ஓடி, அந்த நாண் மெல்ல மெல்ல ஜவ்வாக மாறிக்கொள்ள வேண்டும். அது மருத்துவரின் கையில் இல்லை.

மடங்கிய விரல்கள்

பெரும்பாலான கட்டுரைகள் இங்கிருந்து ஒரே தாவாக 1976க்குப் போய்விடும். நடுவில் இருக்கும் பதினெட்டு மாதம்தான் வழக்கின் உயிர்.

முழங்கையின் அந்தப் பக்கமாகத்தான் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் போகும் நரம்பு போகிறது. இடித்துக்கொண்டால் மின்சாரம் அடித்தமாதிரி சுரீர் என்குமே, அதே நரம்பு. அறுவைக்குப் பிறகு அது வடுத்திசுவில் சிக்கிக்கொண்டது. விரல்கள் மரத்து, பருந்தின் நகம்போல மடங்கிக்கொண்டன. டிசம்பரில் ஜோப் மறுபடி திறந்து நரம்பை விடுவித்து இடம் மாற்றினார். பழுதான நரம்பு மாதத்துக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் வளரும். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை எத்தனை அங்குலம் என்று அளந்துகொள்ளுங்கள். அத்தனை மாதம். அவசரப்படுத்த மருந்தில்லை.

1975 முழுக்க ஒரு ஆட்டம்கூட இல்லை. ஆனாலும் ஜான் மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தார். பந்தைப் பிடிக்க விரல்களுக்குத் தெம்பில்லாததால் விரல்களைச் சேர்த்து டேப் சுற்றிக்கொண்டு சுவரில் எறிந்தார். முந்தைய வருஷம் 13 ஆட்டம் ஜெயித்த மனிதர், குழந்தை எறிவதுபோல. எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மனதில் நிற்கும் காட்சி இதுதான்: காலி ஸ்டேடியம், ஒரு சுவர், டேப் சுற்றிய விரல்கள்.

எறியும் முறையையும் மாற்றிக்கொண்டார். அணியில் மைக் மார்ஷல் என்று ஒரு பிட்சர் இருந்தார். 1974இல் ஒரே சீசனில் 106 ஆட்டங்களில் பந்து போட்டுச் சாதனை படைத்தவர், உடல் இயக்கவியல் படித்த ஆள். எல்லாரோடும் ஒத்துப்போகும் சுபாவமில்லை. உடம்பை எப்படித் திருப்பினால் கைக்குச் சுமை குறையும் என்று ஜானுக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். 1975 இலையுதிர் காலத்தில் அரிசோனாவில், கற்றுக்குட்டிகளுக்கான லீகில் ஜான் மறுபடி மேட்டில் ஏறினார். எதிரில் நின்ற பையன்கள் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்கள்.

1976 ஏப்ரல் 16, அட்லாண்டா. மேஜர் லீகில் மறுபடி முதல் ஆட்டம். தோற்றார். அந்த சீசன் 10 வெற்றி, 10 தோல்வி, 207 இன்னிங்ஸ். பார்த்தால் சுமாரான வருஷம். ஆனால் 31 ஆட்டங்களில் தொடக்கப் பிட்சராக இறங்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு முறைகூடத் தன் முறையைத் தவறவிடாத அளவுக்கு வந்துவிட்டார். பத்திரிகைகள் பயோனிக் மேன் (பாதி இயந்திர மனிதர்) என்று எழுதின.

அப்புறம் என்ன நடந்தது என்று பாருங்கள். 1977இல் 20 வெற்றி. 1979இல் 21. 1980இல் 22. காயத்துக்கு முன்னால் அவர் ஒரு சீசனில் இருபதைத் தொட்டதே இல்லை. வருஷத்தின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதில் 1977, 1979 இரண்டிலும் இரண்டாவது இடம்.

1977 அக்டோபரில் பிலடெல்ஃபியாவில் கொட்டும் மழையில், ஸ்டீவ் கார்ல்டனுக்கு எதிராக, ஆரம்பம் முதல் கடைசி வரை தானே பந்து போட்டு 4–1 என்று ஜெயித்து டாட்ஜர்ஸை சீசனின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸுக்குக் கொண்டுபோனார். அந்த வருஷம் சை யங் வாங்கியவர் அந்தக் கார்ல்டன்தான். ஈரப் பந்து, ஈர மண், உருண்டு ஓடும் அடிகள். சிகாகோவின் சேற்றில் கற்ற பாடம் அங்கே உதவியிருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இது எப்படிச் சாத்தியம்? நாண் நன்றாகப் பிடித்துக்கொண்டது, சரி. ஆனால் ஜானுக்கு அந்தக் கை பழைய உச்ச வேகத்தைத் திருப்பித் தரவேண்டிய கட்டாயம் இல்லை. துல்லியம் வந்தால் போதும், பந்து இறங்கினால் போதும். இரண்டாவதாக இதே அறுவையைச் செய்துகொண்டவர் பிரென்ட் ஸ்ட்ரோம், 1978இல். அவரால் மேஜர் லீக் மேட்டுக்குத் திரும்பவே முடியவில்லை (பயிற்சியாளராகப் பின்னாளில் பெரிய பெயர் எடுத்தார், அது வேறு கதை). ஜோபும் கூட்டாளிகளும் 1986இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் 16 விளையாட்டு வீரர்கள். பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் 10 பேர். நூற்றில் ஒன்று என்பதிலிருந்து இது எவ்வளவோ தூரம், ஆனால் மீதி ஆறு பேரும் இருக்கிறார்கள். முதல் ஆள் ஜானாக இல்லாமல் அந்த ஆறு பேரில் ஒருவராக இருந்திருந்தால், அடுத்த ஆளைத் தேடும் தைரியம் ஜோபுக்கே வந்திருக்குமா?

யாங்கீஸ்

1977, 1978 இரண்டு வேர்ல்ட் சீரீஸிலும் டாட்ஜர்ஸ் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றது. ஜான் யாங்கீஸுக்கே போய்விட்டார். 1981இல் யாங்கீஸ் வேர்ல்ட் சீரீஸுக்கு வந்தது, எதிரணி டாட்ஜர்ஸ், இந்தமுறை ஜெயித்தது டாட்ஜர்ஸ். இதைவிடக் கச்சிதமான துரதிர்ஷ்டத்தை யாராலும் எழுத முடியாது.

ஆறாவது ஆட்டம். தோற்றால் எல்லாம் முடிந்தது. நான்காவது இன்னிங்ஸில் 1–1. ஜான் நன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வருஷ வேர்ல்ட் சீரீஸ் விதிப்படி பிட்சரும் பேட் செய்ய வேண்டும். ஜானின் முறை வந்தபோது மேனேஜர் பாப் லெமன் அவரை எடுத்துவிட்டு பாபி மர்சரை பேட் செய்ய அனுப்பினார். மர்சர் அவுட். எடுத்த பிட்சரைத் திரும்ப இறக்க முடியாது. அடுத்த இன்னிங்ஸிலேயே டாட்ஜர்ஸ் மூன்று ரன் எடுத்தது; ஆட்டம் 9–2 என்று முடிந்தது. பெஞ்சில் நடந்துகொண்டே நம்ப முடியாமல் தலையை ஆட்டிய ஜானைத் தொலைக்காட்சி காட்டியது. லெமனுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும். நான் எவ்வளவு யோசித்தும் அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

அதே வருஷம் ஆகஸ்டில் அவருடைய குட்டி மகன் டிராவிஸ் மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து நினைவில்லாமல் கிடந்து, நல்லவேளையாகப் பிழைத்தான். ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் கோடையில் இரண்டு மாதத்தை விழுங்கியது. இந்த எல்லாவற்றுக்கும் நடுவில் 9 வெற்றி.

1982இல் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ், 1985இல் கொஞ்ச நாள் ஓக்லாந்து, 1986இல் மறுபடி யாங்கீஸ். 1987இல், 44 வயதில், 13 வெற்றி, 6 தோல்வி. அடுத்த வருஷம் ஜூலை 27இல் மில்வாக்கிக்கு எதிராக ஒரே அடியில் மூன்று தவறு செய்தார்: உருண்டு வந்த பந்தைக் கைநழுவவிட்டார், எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தது தாண்டிப்போனது, திரும்ப வந்த பந்தைக் குறுக்கே பிடித்து ஹோம் பிளேட்டுக்கு எறிந்தது அதுவும் தாண்டிப்போனது. யாங்கீஸ் அன்று 16–3 என்று ஜெயித்ததால் எல்லாரும் சிரிக்க முடிந்தது.

ஓக்லாந்தின் இளம் பேட்டர் மார்க் மெக்குவயரின் அப்பா, ஜானின் பல் டாக்டர். பல் டாக்டரின் பையன் நம் பந்தில் ஹோம் ரன் அடிக்க ஆரம்பித்தால் கிளம்பும் நேரம் வந்துவிட்டது என்று ஜான் ஜோக்கடித்ததாகச் சொல்வார்கள். 1989 சீசனின் முதல் ஆட்டத்தைத் தொடங்கி ஜெயித்தவர், மே 25இல் கடைசியாக மேட்டில் நின்றார். மொத்தம் 288 வெற்றி, 231 தோல்வி. அறுவைக்குப் பிறகு மட்டும் 2,500 இன்னிங்ஸுக்கும் மேல். வலது கையிலிருந்து வந்த நாண் ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை.

வாரிசுகள்

இப்போது மேஜர் லீகில் பிட்சர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்த அறுவையைச் செய்துகொண்டவர். ஜஸ்டின் வெர்லாண்டர் 2020இல் செய்துகொண்டு 2022இல், 39 வயதில், சை யங் விருது வாங்கினார். ஷோஹெய் ஓதானியின் முழங்கை 2018இல் ஒருமுறை, 2023இல் இன்னொருமுறை கத்தியைப் பார்த்தது. இரண்டுமுறையும் செய்த நீல் எலாட்ராஷ், கெர்லானும் ஜோபும் ஆரம்பித்த அதே மருத்துவமனையின் மருத்துவர்.

மேஜர் லீக் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, வேகப்பந்தின் சராசரி வேகம் 2008இல் மணிக்கு 91.3 மைல், 2024இல் 94.2. மேஜர் லீகுக்குக் கீழ்ப் படியான மைனர் லீகையும் சேர்த்து இந்த அறுவைகள் 2010இல் 104, 2024இல் 281. ஜானின் முழங்கை சொன்ன பாடம், வேகம் இல்லாமலும் நீண்ட நாள் பிழைக்கலாம் என்பது. ஆட்டம் எடுத்துக்கொண்டதோ, அறுந்தால் மாட்டிக்கொள்ளலாம் என்ற தைரியத்தை. தேங்காய் உடைப்பதுபோல முழங்கையை உடைக்கிறார்கள்.

பெரியவர்கள் சம்பளத்துக்காகச் செய்கிறார்கள், விடுங்கள். 2007 முதல் 2011 வரையான அமெரிக்கக் காப்பீட்டுத் தரவுகளை அலசிய ஒரு ஆய்வில், இந்த அறுவை செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 15 முதல் 19 வயதுக்குள் இருந்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட கருத்தாய்வில், காயமே இல்லாவிட்டாலும் இதைச் செய்துகொண்டால் ஆட்டம் மேம்படும் என்று உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் நம்பினார்கள். நல்ல முழங்கையைத் திறந்து துளைபோடுவதா! தன் பெயரில் இப்படி நடப்பதை ஜானே எதிர்த்துப் பேசியிருக்கிறார், எழுதியிருக்கிறார். வருஷம் முழுக்க ஒரே ஆட்டம் ஆடாதீர்கள், பையன்களுக்கு ஓய்வு கொடுங்கள் என்கிறார். கேட்கத்தான் ஆளில்லை.

2013 ஜூலையில் கூப்பர்ஸ்டவுனில் உள்ள, பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம், ஃபிராங்க் ஜோபை மேடையேற்றிக் கௌரவித்தது. ஜானும் வந்திருந்தார், விருந்தினராக. ஜோப் அடுத்த மார்ச்சில் காலமானார்.

ஜானுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 300 வெற்றியைத் தொட்டவர்களுக்கு அது பெரும்பாலும் தானாகவே திறக்கும். அவருக்குக் குறைந்தது 12. 1974இன் இரண்டாம் பாதியும் 1975 முழுவதும் கையில் இருந்திருந்தால் அந்தப் பன்னிரண்டு வந்திருக்கும் என்று எல்லாரும் கூட்டிப் பார்க்கிறார்கள். நானும் கூட்டிப் பார்த்தேன். ஆனால் முழங்கை போகாத டாமி ஜான், மார்ஷலிடம் பாடம் கேட்டு எறியும் முறையை மாற்றியிருப்பாரா, 46 வயதுவரை ஓடியிருப்பாரா என்று யோசித்தால் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று தெரியவில்லை. 1995 முதல் 2009 வரை பதினைந்து வருஷம் பத்திரிகையாளர்களின் வாக்குச்சீட்டில் அவர் பெயர் இருந்தது. தேவை 75 சதவீதம். அதிகபட்சமாக, கடைசி வருஷத்தில், 31.7.

2024 டிசம்பரில் பழைய ஆட்டக்காரர்களுக்கான குழு கூடியபோது பட்டியலில் மறுபடி அவர் இருந்தார், 81 வயது. இருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் டேவ் பார்க்கர். இன்னொருவர், இறந்து நான்கு வருஷமாகியிருந்த டிக் ஆலன். 1971இல் டாட்ஜர்ஸ் ஜானை வாங்குவதற்காக சிகாகோவுக்குக் கொடுத்த அதே ஆலன்.